உருளைக்கிழங்கின் மூன்று வாரங்கள்

(உதகமண்டலத்தில் மலைக்காய்கறி விவசாயிகளும் தோட்டக்கலை மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வறட்சியிலிருந்து உருளைக்கிழங்கைக் காப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேச எத்தனையோ இருக்கிறது. நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றியே பேசப் போகிறேன். பயிருக்கு மொத்தத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்பது பாதிக் கணக்கு. எந்த வாரத்தில் கிடைத்தது, எந்த வாரத்தில் தவறியது என்பது மீதிப் பாதி. நம்மிடம் முதல் பாதிக்குத்தான் கணக்கு இருக்கிறது. மழைமானி அதைச் சொல்கிறது. வறட்சி அறிவிப்பும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் வருகிறது. இரண்டாவது பாதியை யாரும் எழுதி வைப்பதில்லை. நஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

நீலகிரியில் நின்றுகொண்டு வறட்சியைப் பற்றிப் பேசுவதா என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களில் ஓராண்டு முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு சேராது. அதே மலையில் 2024 ஏப்ரல் 28 அன்று உதகையின் வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. உதகையின் வானிலைப் பதிவேட்டில் அதற்கு முன் அப்படி ஒரு நாள் இல்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததையடுத்து 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தபோது நீலகிரியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

நம் மலையில் கிழங்குக்கு மூன்று போகம். மார்ச், ஏப்ரலில் நடுவது ஒன்று. ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது ஒன்று. ஜனவரி, பிப்ரவரியில் ஓடைத் தண்ணீரையும் கிணற்றையும் நம்பி நடும் நீர்போகம் ஒன்று. இந்த மூன்றையும் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். நட்டு ஐந்து, ஆறு வாரம் கழித்து எந்த மாதம் வருகிறது? நீர்போகத்துக்கு மார்ச் மாதம், ஓடையெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும் நேரம். மார்ச்சில் நட்டதற்கு ஏப்ரல் கடைசி. கோடை மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகஸ்ட் பயிருக்குச் செப்டம்பர் இறுதியும் அக்டோபர் தொடக்கமும். தென்மேற்கு ஓய்ந்து வடகிழக்கு இன்னும் தொடங்காத இடைவெளி அது. ஒவ்வொரு போகத்திலும் அந்த ஐந்தாவது, ஆறாவது வாரம் மழை நிச்சயமில்லாத நாட்களில் போய் விழுகிறது. அந்த வாரங்களில் செடிக்கு என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் உருளைக்கிழங்குக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு வார்த்தை. 2008-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பன்னாட்டு உருளைக்கிழங்கு ஆண்டாகக் கொண்டாடியது. அப்போது உணவு வேளாண்மை அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரு கன மீட்டர் தண்ணீரை, அதாவது ஆயிரம் லிட்டரை, நெல்லுக்குக் கொடுத்தால் சுமார் 2,000 கலோரி உணவு கிடைக்கும். கோதுமையில் 2,300. மக்காச்சோளத்தில் 3,860. உருளைக்கிழங்கில் 5,600. தண்ணீரை உணவாக மாற்றுவதில் இதற்கு நிகரான பெரிய பயிர் இல்லை. நீர் குறைந்துவரும் உலகத்துக்கு ஏற்ற பயிர் என்று இதைச் சொல்வது அதனால்தான். ஆனால் கொடுக்கிற தண்ணீரை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்தும் இதே பயிர், தண்ணீர் சிறிது தவறினால் மற்ற பயிர்களைவிட வேகமாகப் படுத்துவிடுகிறது. இரண்டும் உண்மை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏன் படுத்துவிடுகிறது? முதல் காரணம் வேர். சோளமும் கடலையும் ஆழத்தில் போய்த் தண்ணீர் தேடும். உருளைக்கிழங்கின் வேரில் பெரும்பகுதி மேல் மண்ணில், சுமார் 30 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். வேர் மெல்லியது, கெட்டிப்பட்ட மண்ணைத் துளைக்கும் வலு அதற்குக் கிடையாது. மண்ணில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே செடிக்குத் தட்டுப்பாடு ஆரம்பித்துவிடுகிறது. மற்ற பல பயிர்கள் பாதி ஈரம் தீரும்வரை கவலையில்லாமல் நிற்கும்.

இரண்டாவது காரணம் இலை. மண் காயத் தொடங்கியதும் வேர் அப்சிசிக் அமிலம் என்ற ஒரு பொருளைச் சுரந்து மேலே அனுப்புகிறது. அது இலையைச் சேர்ந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் வெளியேறுவது நிற்கிறது. கரியமில வாயு உள்ளே போவதும் அதோடு நின்றுவிடுகிறது. எல்லாச் செடியும் இதைச் செய்யும். உருளைக்கிழங்கு சீக்கிரம் செய்துவிடுகிறது. நம் கண்ணுக்கு இலை வாடித் தெரிவதற்குப் பல நாள் முன்பே உள்ளே மாவுச்சத்துத் தயாரிப்பு குறைந்துவிடும். ஆகவே, விவசாயப் பெருமக்களே, இலை வாடிய பிறகு தண்ணீர் விடுவது என்ற கணக்கு உருளைக்கிழங்குக்கு ஆகாது. வாடியது தெரியும்போது நஷ்டம் நடந்து முடிந்திருக்கும்.

அந்த ஐந்தாவது, ஆறாவது வாரத்தை உள்ளடக்கிய மூன்று வாரத்துக்கு இப்போது வருகிறேன்.

நட்ட கிழங்கின் கண்களிலிருந்து தண்டு மேலே வருகிறது. மண்ணுக்குள் இருக்கும் தண்டுக் கணுக்களிலிருந்து வெள்ளையாகச் சில கிளைகள் படுக்கைவாட்டில் ஓடுகின்றன. பார்க்க வேர் மாதிரி இருக்கும், ஆனால் அது தண்டு. ஓடுதண்டு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதன் நுனி கொக்கி போல வளைந்திருக்கும். ஒரு கட்டத்தில் நீளமாக ஓடுவதை நிறுத்திவிட்டு, நுனிக்குச் சற்றுப் பின்னால் பருக்க ஆரம்பிக்கிறது. அதுதான் கிழங்கு. நம் மலையில் இரகத்தையும் போகத்தையும் பொறுத்து, நட்ட முப்பதாம் நாளிலிருந்து ஐம்பதாம் நாளுக்குள் இது நடக்கும். ஒரு செடியில் எத்தனை கிழங்கு என்பது கிட்டத்தட்ட இந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது.

அந்த நேரத்தில் மண் காய்ந்திருந்தால் பருக்கும் நுனிகளின் எண்ணிக்கை குறையும். பருத்த சிலவற்றைச் செடி மறுபடி உள்ளிழுத்துக்கொள்வதும் உண்டு. பிறகு மழை கொட்டினாலும் போன எண்ணிக்கை முழுதாகத் திரும்புவதில்லை. இதற்கு முந்தைய இளம் பருவத்தில் ஓரளவு தட்டுப்பாடு வந்தால் செடி சமாளித்துக்கொள்ளும். கடைசியில் கொடி மஞ்சளாகி முதிரும்போது ஈரம் குறைவாக இருந்தால் தோல் நன்றாகக் கெட்டிப்படும், அது நல்லதும்கூட. நடுவில் வரும் இந்த நாட்களுக்கு மட்டும் ஈடு கிடையாது. ஒருவரை ஒரு வாரம் பட்டினி போட்டுவிட்டு, ஏழு நாள் சோற்றையும் எட்டாம் நாள் ஒரே இலையில் பரிமாறினால் கணக்கு சரியாகிவிடுமா? பருவத்தின் மொத்த மழையைக் கூட்டிப் பார்த்து ‘இயல்பான மழை’ என்று எழுதுவது அப்படிப்பட்ட கணக்குதான்.

எண்ணிக்கை மட்டும் போவதில்லை. இந்த நாட்களில் மண் காய்ந்திருந்தால் சொறி நோய் கிளம்பும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண்வாழ் பாக்டீரியாவின் வேலை அது. தோல் இளசாக இருக்கும் கிழங்கைத்தான் அது தாக்கும். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் மண்ணை நாலைந்து வாரம் ஈரமாக வைத்திருந்தாலே சொறி வெகுவாகக் குறையும் என்பது பல நாடுகளில் சோதித்து உறுதியான செய்தி. இதற்கு மருந்து தேட வேண்டியதில்லை. நேரத்துக்குக் கிடைக்கும் தண்ணீரே போதும்.

மண் காய்ந்து கிடந்த பிறகு திடீரென்று பெருமழை வந்தால் வேறொரு கேடு. நின்றுபோன வளர்ச்சி மறுபடி தொடங்கும். ஆனால் பழைய இடத்திலிருந்து ஒழுங்காகத் தொடராது. கிழங்கின் கண்களில் புடைத்துக்கொண்டு முண்டும் முடிச்சுமாக வரும். சிலது வெடிக்கும். சிலதன் நடுவில் ஓட்டை விழும். எடையைப் பார்த்தால் மோசமில்லை என்று தோன்றும். மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதுதான் அதன் விலை தெரியும்.

வறட்சியோடு வெப்பமும் சேர்ந்து வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலைத்துளை மூடினால் இலை குளிர்ச்சி இழக்கிறது, செடியே சூடாகிறது. உருளைக்கிழங்கு நன்றாகப் பிடிக்க 15 முதல் 20 டிகிரி வரை வெப்பம் வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் கிழங்கு பிடிப்பது கடுமையாகக் குறையும். இலையில் உருவாகி ஓடுதண்டுக்குப் போய் ‘பருக்கத் தொடங்கு’ என்று கட்டளையிடும் ஒரு புரதத்தை 2011-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். எஸ்.பி.6.ஏ என்று அதற்குப் பெயர். வெப்பம் ஏறினால் அந்தக் கட்டளை பலவீனமாகிவிடுகிறது. செடி மேலே பச்சைப்பசேலென்று நிற்கும், கீழே ஒன்றும் இராது. நம் மலையின் இரவுக் குளிர்தான் நமக்கு இயற்கை தந்த சொத்து. அதுவும் மெல்லக் குறைந்துவருகிறது என்பதால்தான் மண்ணைக் குளிர்ச்சியாக வைப்பதைப் பற்றியும் நான் பேச வேண்டியிருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

நடுவதற்கு முன்னாலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வறட்சிக்கான வேலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. நம் மண் அமில மண். கார அமிலநிலை 5-க்குக் கீழே போன நிலங்கள் நிறைய. அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்கும். வேர் குட்டையாகிவிடும். ஏற்கெனவே ஆழம் போகாத வேர் இன்னும் மேலேயே நின்றால் பத்து நாள் வெயிலை எப்படித் தாங்கும்? மண் பரிசோதனை செய்து, வேண்டிய அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ இடுவதை உரச்செலவு என்று பார்க்காதீர்கள். அது வறட்சிக்கான முன்னேற்பாடு. அளவு மீறினாலும் கெடுதல்தான். மண்ணின் அமிலத்தன்மை அதிகம் குறைந்தால் சொறி நோய் கூடும். ஆகவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார் என்று போடாமல், பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று நூற்புழு. உலகத்தில் இந்தப் புழுவைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் நம் ஊர்ப் பெயரும் வரும். இந்தியாவில் முட்டைக்கூடு நூற்புழு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1961-இல், இதே உதகையில். விதைக்கிழங்கு வெளியே போகாமல் தடைபோட்டது, தோட்டங்கள் தேயிலைக்கு மாறியது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வறட்சியோடு அதற்குள்ள தொடர்பைத்தான் சொல்ல வருகிறேன். புழு வேரில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. அப்படிப்பட்ட செடி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே நண்பகலில் வாடும். நாம் தண்ணீர்க் குறை என்று நினைத்துக் குழாயைத் திறப்போம். உண்மையில் குடிக்க வேரில்லை. கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என்று பயிரை மாற்றி நடுவதும், புழுவைத் தாங்கும் குப்ரி ஸ்வர்ணா, குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி போன்ற இரகங்களை நடுவதும் புழுவுக்கு மட்டுமான வைத்தியம் அல்ல, தண்ணீரைச் சேமிக்கும் வழியும்தான்.

மண்ணில் மக்கு சேர்ப்பதைப் பற்றி நீட்டிப் பேச மாட்டேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த மலைக்கென்றே பரிந்துரைத்த பசுந்தாள் பயிர் லூபின். அதை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடும் வழக்கம் மறுபடி வர வேண்டும். ஈரமாக இருக்கும்போது நிலத்தில் வண்டியும் ஆட்களும் நடமாடினால் அடியில் மண் இறுகிவிடும். இறுகிய அந்த அடுக்கைக் கிழங்கின் வேர் துளைக்காது. சரிவில் மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பதையும் தயவுசெய்து விடுங்கள். மண் கரைந்து போவதைப் பற்றி 1954 முதல் உதகையில் இயங்கிவரும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது. மேல் மண் போனால் ஈரம் தங்கும் இடமே போய்விடுகிறது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் பார் பிடித்தால் பெய்கிற மழை அங்கேயே இறங்கும்.

அடுத்தது, அந்த மூன்று வாரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு கணக்குப் போடுவோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். இலை மூடிய கிழங்குத் தோட்டம் வெயில் நாளில் 4 மில்லிமீட்டர் தண்ணீரைச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 16,000 லிட்டர். பதினைந்து நாளுக்கு 2,40,000 லிட்டர். மூன்று வாரம் முழுக்கவே மழை இல்லை என்றால் 3,36,000 லிட்டர். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். உதகையில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த ஒரு ஏக்கர் மேல் விழும் மழை மட்டும் 48 லட்சம் லிட்டர். பதினைந்து நாளுக்கு நமக்கு வேண்டியது அதில் இருபதில் ஒரு பங்கு. மூன்று வாரத்துக்கும் வேண்டும் என்றாலும் பதினான்கில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஓடிப் பவானிக்கோ மாயாற்றுக்கோ போகட்டும்.

இரண்டு மீட்டர் ஆழத்தில், 12 மீட்டருக்கு 10 மீட்டர் குட்டை ஒன்று இருந்தால் அந்த 2,40,000 லிட்டர் அடங்கிவிடும். சரிந்த கரைக்கும் ஆவியாவதற்கும் சேர்த்துப் பார்த்தால் நான்கு, ஐந்து சென்ட் நிலம் போகும். நூறு சென்ட்டில் ஐந்து சென்ட்டை இழக்க மனம் வராது, எனக்குப் புரிகிறது. ஒரு போகம் கிழங்கு பிடிக்காமல் போனால் எத்தனை சென்ட்டின் விளைச்சல் போகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நடந்த மண்சரிவுகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். சரிவான இடத்தில், கசியும் குட்டையை யாரும் தோண்டாதீர்கள். இடத்தை வேளாண் பொறியியல் துறையினரிடம் காட்டி, சமமட்டமான இடத்தில், அடியில் தார்ப்பாய் விரித்துத்தான் அமைக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து நல்ல இடமாகப் பார்த்து ஒரு பொதுக்குட்டை அமைப்பது இன்னும் நல்லது.

சேர்த்த தண்ணீரை எப்படிக் கொடுப்பது? பத்து நாளுக்கு ஒருமுறை நிறையக் கொடுப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளவாகக் கொடுப்பது இந்தப் பயிருக்கு ஏற்றது. மேல் மண்ணில்தான் வேர் இருக்கிறது என்பதால் அதைத் தாண்டி இறங்கும் தண்ணீர் வீண். சொட்டுநீர் இருந்தால் சிறப்பு. தெளிப்பான் வைத்திருப்பவர்கள் காலையில் ஓட்டுங்கள், மாலைக்குள் இலை காய்ந்துவிடட்டும். இரவில் இலை நனைந்து கிடந்தால் வறட்சிக்கு வைத்தியம் பார்க்கப் போய்ப் பின்கருகல் நோயை வரவழைத்ததாக ஆகிவிடும். எப்போது கொடுப்பது என்பதற்கு இலையைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். செடிக்குப் பக்கத்தில் ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடித்தும் விரலில் ஈரம் ஒட்டாமல் போனால் அன்றே தண்ணீர் தர வேண்டும். மண்ணின் ஈரநிலையைக் காட்டும் டென்சியோமீட்டர் வாங்க முடிந்தவர்கள், அளவு 25, 30 சென்டிபாரைத் தாண்ட விடாதீர்கள்.

கிழங்கு பிடித்து முடிந்த பிறகும் தண்ணீர் போதவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கத்துச் சாலுக்கு இந்த முறை, மறுபக்கத்துக்கு அடுத்த முறை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது. காய்ந்த பக்கத்து வேர் எச்சரிக்கை அனுப்பும், இலைத்துளை சிறிது சுருங்கும். ஈரமான பக்கத்து வேர் செடியைக் காக்கும். டென்மார்க்கில் நடந்த வயல் சோதனைகளில் இந்த முறையால் சுமார் 30 விழுக்காடு தண்ணீர் மிச்சமானது, மகசூல் குறையவில்லை. கவனியுங்கள், இது கிழங்கு பிடித்த பிறகு செய்வது. அந்த மூன்று வாரத்தில் செய்தால் கைமேல் நஷ்டம்.

மண் அணைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் வழக்கமாக நாற்பத்தைந்தாம் நாளில் களையெடுத்து மண் அணைக்கிறோம். கிழங்கு பிடிக்கும் அதே நாட்கள்! மண் காய்ந்து கிடக்கும்போது ஆழமாகக் கொத்தினால் வேர் அறுபடும், உள்ளிருந்த ஈரமும் வெயிலில் போகும். மழை பெய்த மறுநாளோ தண்ணீர் விட்ட மறுநாளோ மேலாக அணையுங்கள். நீர்போகத்தில் கூர்மையான உயர்ந்த பார் வேண்டாம். சற்று அகலமாகத் தாழ்வாக இருந்தால் வெயில் படும் பரப்பு குறையும். பாரின் மேல் காய்ந்த புல்லோ சருகோ மூடாக்காகப் போட்டால் மண்ணின் வெப்பமும் தணியும். வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில், நெல் அறுத்த ஈர வயலில் உழாமலேயே விதைக்கிழங்கை வைத்து வைக்கோலால் கனமாக மூடிவிடுகிறார்கள். உப்பும் வறட்சியும் சேர்ந்த அந்த மண்ணில் மூடாக்கின் பலத்தில் கிழங்கு விளைகிறது. நமக்கு வைக்கோல் கீழிருந்து வர வேண்டும், செலவு அதிகம். ஆனால் காலி இடமெல்லாம் பரவிக் கிடக்கும் கிக்கூயு புல்லை விதை பிடிப்பதற்கு முன் அறுத்து, வேர் ஒட்டாமல் நன்றாகக் காயவைத்துப் போடலாம்.

விதையைப் பற்றி இரண்டே வாக்கியம். வறண்ட மண்ணில் நறுக்கிய துண்டு தாங்காது, 40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கை நன்றாக முளை கட்டி நடுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள், அது கொடியைப் பெருக்கித் தண்ணீர்ச் செலவைக் கூட்டிக் கிழங்கு பிடிப்பதைத் தள்ளிப்போடும்.

வறட்சியைத் தாங்கும் இரகம் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1949-இல் பாட்னாவில் தொடங்கி 1956-இல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் நல்ல பணி செய்திருக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் குப்ரி சூர்யா, குப்ரி லிமா, தண்ணீர் குறைந்த பகுதிகளுக்காக குப்ரி தார் வரிசை இரகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. தார் வரிசை வட இந்தியச் சமவெளியின் குளிர்காலத்துக்காக உருவானது. நம் மலையின் பகல் நீளமும் பின்கருகலும் நூற்புழுவும் வேறு. முத்தோரையில் இருக்கும் அதே நிறுவனத்தின் நிலையத்தில், வறட்சியையும் புழுவையும் கருகலையும் சேர்த்துத் தாங்கும் மலை இரகம் ஒன்றை உருவாக்குவதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அது எளிதல்ல. உருளைக்கிழங்குக்கு நான்கு தொகுதியாக 48 குரோமோசோம்கள். அதன் மரபணு வரைபடம் 2011-இல் வெளியானது, அந்தப் பணியில் இந்தியாவும் பங்கேற்றது. வறட்சித் தாங்குதல் ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல சேர்ந்து செய்வது. அதனால் காலம் பிடிக்கும். ஆண்டுகளாகும் என்பதற்காகக் கேட்காமல் இருந்தால் அது இன்னும் தள்ளிப்போகும்.

இந்தச் செடி பிறந்தது தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், டிட்டிகாக்கா ஏரியை ஒட்டிய மேட்டு நிலத்தில். அங்கே உறைபனியும் வறட்சியும் எப்போதும் உண்டு. அந்த மக்கள் ஒரே இரகத்தை நம்பியதில்லை. வெவ்வேறு உயரத்தில் துண்டு துண்டாக நிலம் வைத்து, ஒவ்வொன்றிலும் பல இரகங்களைக் கலந்து நட்டார்கள். ஏரிக்கரையில் மேட்டுப் பாத்திகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். லிமாவில் 1971 முதல் இயங்கும் பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம் அந்த மக்கள் காத்த ஆயிரக்கணக்கான இரகங்களைச் சேமித்து வைத்திருக்கிறது. வறட்சியைத் தாங்கும் குணத்தைப் பயிர் இனவிருத்தி அறிஞர்கள் தேடுவது அந்தக் களஞ்சியத்தில்தான்.

நம் நாட்டிலேயே குஜராத்தின் பனாஸ்காந்தா மாவட்டத்துத் தீசா பகுதியைப் பாருங்கள். மழை குறைந்த மணற்பாங்கான ஊர். இன்று இந்தியாவின் பெயர்பெற்ற உருளைக்கிழங்குச் சந்தைகளில் ஒன்று. சொட்டுநீரும் தெளிப்பானும் கொண்டு, கேட்ட நாளில் கேட்ட அளவு தண்ணீர் கொடுத்து விளைவிக்கிறார்கள். தண்ணீரின் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் வறண்ட நாட்டிலும் கிழங்கு விளையும் என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே தண்ணீர் வருவது வருடாவருடம் கீழே போய்க்கொண்டிருக்கும் நிலத்தடியிலிருந்து. அதை நாம் பின்பற்றக் கூடாது. நமக்கு மேலிருந்து வரும் தண்ணீரே ஏராளம்.

கடைசியாக அரசிடம் சொல்ல வேண்டியது. 2016-ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு, மூன்று முதல் நான்கு வாரம் தொடர்ந்து மழை இயல்பில் பாதிக்கும் கீழே போனால்தான் அதை மழையற்ற இடைவெளியாக எடுத்துக்கொள்கிறது. நெல்லுக்கும் சோளத்துக்கும் அது பொருந்தலாம். உருளைக்கிழங்குக்கு, கிழங்கு பிடிக்கும் நேரத்தில் இரண்டு வாரமே போதும், பயிர் பெரிதும் பாதிக்கப்பட்டுவிடும். அந்த இரண்டு வாரம் எந்தப் பதிவிலும் வறட்சியாக ஏறாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு வரை. நெல்லுக்குக் கட்டுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அறுவடைப் பரிசோதனையில் எடையை மட்டும் பார்க்கிறார்கள். வெடித்ததும் முண்டு விட்டதும் சொறி பிடித்ததும் எடைக்குள் ஒளிந்துகொள்கின்றன. மலைப்பயிருக்கென்று தனி அளவுகோல் வேண்டும். நட்ட தேதியிலிருந்து முப்பது முதல் ஐம்பது நாளுக்குள் பத்து நாள் மழையில்லாமல் போனால் அதைப் பாதிப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டும். மண்டியில் கழிக்கப்படும் கிழங்கையும் இழப்பாகச் சேர்க்க வேண்டும். இதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

அந்தக் கோரிக்கை நிற்க வேண்டுமானால் நம்மிடம் பதிவு இருக்க வேண்டும். எந்தத் துண்டு நிலத்தில், எந்த இரகம், எந்தத் தேதியில் நட்டது, எந்த நாட்களில் மழை பெய்தது, கிழங்கு பிடித்ததை மண்ணைக் கிளறிப் பார்த்த தேதி எது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாணவர்களே, எழுத நேரமில்லாத பெரியவர்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள். நூறு தோட்டத்தின் நோட்டுகள் ஒன்று சேர்ந்தால் எந்த அலுவலகமும் மறுக்க முடியாத ஆவணம் அது. இந்த நீர்போகத்தில் நட்டவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும், நட்ட நாளிலிருந்து முப்பதாம் நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதிலிருந்து மூன்று வாரத்துக்குத் தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்று இன்றிரவே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.